ஈ மவுண்ட் லென்ஸுக்கு வீட்டுலயே ஒரு ஃபிலிம் கேமரா செய்யலாமா? செய்யலாம், 18 மி.மீ.தான் உயிர்

ஒரு நண்பர் கேட்டிருந்தார்: "எங்கிட்ட சோனி ஈ மவுண்ட் லென்ஸ் மூணு இருக்கு, 3டி பிரிண்டரும் இருக்கு. இந்த லென்ஸ்களை மாட்டி 35 மி.மீ. ஃபிலிம்ல படம் எடுக்கிற மாதிரி ஒரு கேமராவை நானே செய்ய முடியுமா? எங்க ஆரம்பிக்கணும்?"

முடியும். நான் ரெண்டு செஞ்சிருக்கேன். முதல் கேமராவுல தூரத்துல இருக்கிற எதுவுமே ஃபோகஸ் ஆகல, ரெண்டாவது இன்னிக்கும் ஓடிட்டு இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல கத்துக்கிட்டதைத்தான் எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

முதல்ல ஒண்ணு யோசிங்க, உங்களுக்கு நிஜமாவே கேமரா செய்யணுமா? மவுண்ட்ங்கிறது லென்ஸைக் கேமராவுல பூட்டற வளையம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்க லென்ஸ் கேனன் ஈஎஃப்னா செய்யவே வேணாம், 1987ல ஈஎஃப் மவுண்ட் வந்தப்ப இருந்து கேனன் ஈஓஎஸ் ஃபிலிம் பாடிகளை (லென்ஸ் இல்லாத கேமராக்களை) வரிசையா விட்டிருக்காங்க, பழசு ஒண்ணு வாங்கினா நேத்து வாங்கின ஈஎஃப் லென்ஸ் கூட அதுல ஆட்டோஃபோகஸோட ஓடும். நிக்கான் எஃப் மவுண்டும் 1959ல இருந்து இருக்கு, அதுக்கும் ஃபிலிம் பாடி எக்கச்சக்கம். ஆனா உங்க கேஸ் வேற. சோனி ஈ, நிக்கான் இசட், கேனன் ஆர்எஃப், ஃபியூஜி எக்ஸ், இந்த மிரர்லெஸ் மவுண்ட் எதுக்குமே அந்தக் கம்பெனிகள் ஒரு 35 மி.மீ. ஃபிலிம் பாடி கூட விட்டதில்ல. இங்கதான் கையால செய்யறதுக்கு அர்த்தம் இருக்கு, காசு கொடுத்து கடையில வாங்க முடியாத ஒண்ணை நீங்க செய்யறீங்க.

ஏன் பழைய ஃபிலிம் எஸ்எல்ஆர்ல (லென்ஸுக்குப் பின்னாடி ஒரு மிரர் வெச்சு லென்ஸ் வழியாவே பார்க்கிற கேமராவுல) ஒரு அடாப்டர் போட்டு இந்த லென்ஸை மாட்ட முடியாதுன்னா, தூரம். லென்ஸ் மவுண்டோட உலோக முகத்துல இருந்து ஃபிலிம் வரைக்கும் உள்ள தூரத்தை ஃபிளேஞ்ச் தூரம்னு சொல்வோம். எஸ்எல்ஆர்ல நடுவுல கண்ணாடி தூக்கி இறங்கணும், அதுக்கு இடம் வேணும், அதனால கேனன் ஈஎஃப்ல 44 மி.மீ., நிக்கான் எஃப்ல 46.5 மி.மீ., பழைய எம்42 ஸ்க்ரூ மவுண்ட்ல 45.46 மி.மீ. மிரர்லெஸ்ல கண்ணாடி கிடையாது, அதனால சோனி ஈ 18 மி.மீ., கேனன் ஆர்எஃப் 20, நிக்கான் இசட் 16, ஃபியூஜி எக்ஸ் 17.7. 18 மி.மீ. பக்கத்துல நிக்கணும்னு டிசைன் பண்ணின லென்ஸை 45 மி.மீ. தள்ளி நிறுத்தினா அது மேக்ரோ லென்ஸ் மாதிரி மூக்குக்கு முன்னாடி உள்ளதை மட்டும்தான் காட்டும். லைக்கா எம் பாடி கூட 27.8 மி.மீ., அதுவும் ஆகாது.

இந்த தூரம் எவ்வளவு துல்லியமா இருக்கணும்னு ஒரு கணக்கு பார்த்துடுவோம், ஏன்னா நீங்க பிரிண்டர்ல பாடி முழுசா அடிச்சிடலாம்னு நினைக்கிறீங்க, நானும் அப்படித்தான் நினைச்சேன். 50 மி.மீ. லென்ஸை இன்ஃபினிட்டியில, அதாவது ரொம்ப தூரத்துல ஃபோகஸ் ஆகற நிலையில, வெச்சிருக்கீங்க, ஆனா உங்க பாடி தூரம் 0.1 மி.மீ. கூடிடுச்சு. லென்ஸ் அந்த அளவு முன்னாடி நகர்ந்த மாதிரி ஆயிடும். 50ஐ 50ஆல பெருக்கி 0.1ஆல வகுத்தா 25,000 மி.மீ., அதாவது 25 மீட்டர். உங்க கேமரா 25 மீட்டருக்கு அப்பால எதையும் ஷார்ப்பா பார்க்காது, ரிங்கை எவ்வளவு திருப்பினாலும் சரி. 0.3 மி.மீ. கூடினா 8 மீட்டர் சொச்சம். 28 மி.மீ. லென்ஸ்ல 0.1 மி.மீ. தப்புக்கே 8 மீட்டர்தான். 0.1 மி.மீ.ங்கிறது ஒரு சாதாரண ஏ4 பேப்பரோட தடிமன், அவ்வளவுதான். அப்பர்ச்சரை, அதாவது லென்ஸ்ல வெளிச்சம் போற ஓட்டையை, சின்னதாக்கினா கொஞ்சம் தாங்கும் (எஃப் நம்பர் பெருசானா ஓட்டை சின்னது), எஃப் 8ல ஃபிலிம் பக்கம் முன்ன பின்ன 0.24 மி.மீ. வரைக்கும் மன்னிக்கும், ஆனா எஃப் 2ல வெறும் 0.06 மி.மீ. நல்ல லென்ஸை வெச்சுக்கிட்டு எப்பவும் எஃப் 8லயே எடுக்கறதுக்கு இவ்வளவு பாடு படணுமா.

என் முதல் கேமராவோட கதை இதுதான். முன் பிளேட்டை பிரிண்ட் பண்ணி மவுண்ட் ரிங்கை நாலு ஸ்க்ரூ போட்டு இறுக்கினேன். வெர்னியர்ல அளந்தப்ப ஸ்க்ரூ பக்கத்துல எல்லாம் சரியாவே இருந்துச்சு. ரோல் கழுவி வந்ததும் நெகட்டிவை லைட் டேபிள்ல வெச்சு லூப்ல (சின்ன பூதக்கண்ணாடியில) பார்க்கறேன், மொட்டை மாடியில இருந்து மருதமலை பக்கம் எடுத்த ஃபிரேம்ல எதிர்வீட்டு ஓட்டுக் கூரையில ஒவ்வொரு ஓட்டோட விளிம்பும் தனித்தனியா எண்ணலாம் போல இருக்கு, பின்னாடி மலை மட்டும் பஞ்சு மாதிரி. எதிர்வீடு எங்க மாடியில இருந்து ஏறக்குறைய 8 மீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தா தப்பு 0.3 மி.மீ. கழட்டி பிளேட்டை கண்ணாடி மேல வெச்சப்பதான் தெரிஞ்சுது, ஸ்க்ரூ இறுக்கினதுல பிளாஸ்டிக் நடுவுல லேசா பொம்மியிருக்கு, ரிங்கை அது முன்னாடி தள்ளிடுச்சு. லென்ஸோட எடை வேற அதுல தொங்குது. அன்னைக்கே முடிவு பண்ணினேன், மவுண்டுக்கும் ஃபிலிமுக்கும் நடுவுல பிளாஸ்டிக்கே வரக்கூடாது.

அதனால என் முதல் யோசனை, ஃபிலிம் ஓடுற பகுதியை நீங்க செய்யாதீங்க. செத்துப்போன ஒரு ஃபிலிம் எஸ்எல்ஆரை வாங்கி அதோட சேஸிஸை (உள்ள இருக்கிற உலோகச் சட்டத்தை) எடுத்துக்குங்க. ஃபிலிம் கேட்ல, அதாவது ஃபிலிம் மேல வெளிச்சம் விழற செவ்வக ஜன்னல்ல, ரெண்டு ஜோடி ரெயில் இருக்கும், உள் ரெயில் மேல ஃபிலிம் படுக்கும், வெளி ரெயில் மேல ஃபிலிமைத் தட்டையா பிடிக்கிற பிரஷர் பிளேட் உட்காரும், நடுவுல ஃபிலிமோட தடிமனை விட ஒரு துளிதான் அதிகமான இடைவெளி. இதை ஃபேக்டரியில மெஷின் பண்ணி வெச்சிருக்காங்க, வீட்டுல அந்த சமதளம் வராது. அதே மாதிரி வைண்டிங். 35 மி.மீ. ஃபிலிம்ல ஒரு ஃபிரேமுக்கு 8 ஓட்டை, ஓட்டைக்கு ஓட்டை 4.75 மி.மீ., ஆக ஒரு ஃபிரேமுக்கு 38 மி.மீ. நகரணும். 8 பல்லு உள்ள ஸ்புராக்கெட் சக்கரம் ஒரு சுத்து சுத்தினா கரெக்டா ஒரு ஃபிரேம். ஸ்புராக்கெட் இல்லாம வெறும் ஸ்பூலைத் திருப்பி கணக்கு வெச்சா, சுத்த சுத்த ஸ்பூல் பெருசாகி கடைசி ஃபிரேம்களுக்கு நடுவுல இடைவெளி அகலமாயிட்டே போகும். செத்த கேமராவுல இதெல்லாம் ரெடியா இருக்கு, எடுத்து வெச்சுக்க வேண்டியதுதான்.

எந்த கேமராவை வாங்கறதுங்கறதுல ஒரு விஷயம் கவனிங்க. மேலிருந்து கீழ ஓடுற மெட்டல் ஷட்டர், அதுவும் பேட்டரி இல்லாம வேலை செய்யற மெக்கானிக்கல் ஷட்டர் உள்ளதா பாருங்க. காஸினா சிடி-1, அதே காஸினா செஞ்சு கொடுத்த நிக்கான் எஃப்எம்10, விவிடார் வி3800என், இந்தக் குடும்பம் நல்லது, லேசா இருக்கும், ஷட்டர் தனி மாட்யூலா கழண்டு வரும். நிக்கானோட பழைய நிக்கார்மட்ல இருக்கிற காப்பல் ஸ்கொயர் ஷட்டர் இரும்பு மாதிரி, ஆனா பாடி கனம். துணி ஷட்டர் உள்ள ஸெனிட், பென்டாக்ஸ் கே1000 மாதிரி பாடிகள் விலை குறைவா கெடைக்குதுன்னு எடுத்துடாதீங்க. எஸ்எல்ஆர்ல துணிக்கு முன்னாடி கண்ணாடி காவல் நிக்கும். நீங்க கண்ணாடியைத் தூக்கிட்டீங்கன்னா லென்ஸ் நேரா சூரியனை துணி மேல குவிக்கும், பூதக்கண்ணாடியில பேப்பரை எரிக்கிற மாதிரியே ஓட்டை விழுந்துடும். பழைய லைக்காக்காரங்களுக்கு இது நல்லா தெரிஞ்ச தலைவலி. மெட்டல் ஷட்டர்லயும் வெயில்ல லென்ஸ் மூடியைப் போட்டு வைக்கிறதுதான் நல்லது.

சேஸிஸைப் பிரிக்கும்போது மிரர் பாக்ஸ் மொத்தமா ஒரு துண்டா வெளிய வரும். அதுல ஒரு சிக்கல் இருக்கு. எஸ்எல்ஆர்ல நீங்க பட்டனை அமுக்கினா அது நேரா ஷட்டருக்குப் போகாது, கண்ணாடியோட கொக்கியை விடுவிக்கும், கண்ணாடி மேல போய் முடியற இடத்துல ஒரு லீவரைத் தட்டும், அதுதான் ஷட்டரை விடும். மிரர் பாக்ஸை எடுத்தா அந்த சங்கிலி அறுந்துடும். அதனால பிரிக்கறதுக்கு முன்னாடியே பாட்டம் கவரைக் கழட்டி வைண்ட் பண்ணி, மெதுவா கிளிக் பண்ணி, எந்த லீவர் எதைத் தட்டுதுன்னு ஃபோன்ல ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்து வெச்சுக்குங்க. அப்புறம் பட்டன்ல இருந்து ஷட்டர் லீவருக்கு நேரா ஒரு எல் வடிவ பித்தளைத் துண்டு போதும், சைக்கிள் ஸ்போக் கம்பியை வளைச்சும் செய்யலாம். ஷட்டரை காக் பண்ற (அடுத்த கிளிக்குக்கு இழுத்து வைக்கிற) லீவர் வைண்டிங் பக்கம் இருந்து வருதா மிரர் பாக்ஸ் வழியா வருதான்னும் பார்த்துக்குங்க, மாடலுக்கு மாடல் மாறும்.

இப்ப யாரும் சொல்லாத ஒரு கஷ்டம். ஃபிலிம் டப்பாவோட விட்டம் 25 மி.மீ. உங்க மவுண்ட் ஃபிலிம்ல இருந்து 18 மி.மீ.லயே நிக்குது. அப்ப ரெண்டு பக்கமும் ஃபிலிம் டப்பா அறையும், எடுத்த ஃபிலிம் சுத்திக்கிற டேக்-அப் அறையும் மவுண்டைத் தாண்டி முன்னாடி துருத்திக்கிட்டு நிக்கும், லென்ஸ் ரெண்டு தூணுக்கு நடுவுல உள்ள பள்ளத்துல உட்கார்ற மாதிரி. லென்ஸோட அடிப்பக்கம் 60 மி.மீ.க்கு மேல குண்டா இருந்தா சுவர்ல இடிச்சு பூட்டவே பூட்டாது. சேஸிஸ் வாங்கறதுக்கு முன்னாடியே ஃபிலிம் கேட்டோட நடுவுல இருந்து ரெண்டு பக்க சுவர் வரைக்கும் அளந்து, உங்க லென்ஸோட ஆரத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. எனக்கு ஃபிலிம் டப்பா பக்கம் கொஞ்சம் இடிச்சுது, சுவரை வெளிப்பக்கம் அரம் போட்டுத் தேய்ச்சேன், ஒரு இடத்துல ஓட்டையே விழுந்துடுச்சு, மேல மெல்லிசா பித்தளைத் தகடு ஒட்டி கருப்பு அடிச்சேன். பதினெட்டுக்கே இந்தப் பாடு, இசட் மவுண்டோட பதினாறு இன்னும் இறுக்கம். ஃபியூஜியோட ஜிஎஃப்எக்ஸ் மவுண்ட் 26.7 மி.மீ., அதுல இந்தப் பிரச்சினையே வராது, அந்த லென்ஸ் வெச்சிருக்கிறவங்க கொடுத்து வெச்சவங்க.

உள்பக்கமும் பார்க்கணும். என் சேஸிஸ்ல ஃபிலிம் ரெயில்ல இருந்து ஷட்டரோட முன்முகம் வரைக்கும் 10 மி.மீ.க்கு கொஞ்சம் உள்ள இருந்துச்சு, மீதி 8 மி.மீ.ல மவுண்ட் ரிங், பிளேட், லென்ஸோட பின்பக்க நீட்டல் எல்லாம் அடங்கணும். சில லென்ஸோட பின் கண்ணாடியோ அதைச் சுத்தின வளையமோ மவுண்டுக்கு உள்ள நீட்டிக்கிட்டு இருக்கும், அது ஷட்டர் பிளேடைத் தொட்டா ஷட்டர் காலி. லென்ஸை மேசை மேல கவுத்து வெச்சு அந்த நீட்டலை அளந்துட்டுதான் மாட்டணும்.

மவுண்ட் ரிங்கை எங்க வாங்கறது? கடையில விக்கிற மலிவான மேக்ரோ டியூப் ஒண்ணு வாங்குங்க. அதுக்கு ஒரு பக்கம் கேமராவுல மாட்டற ஆண் மவுண்ட், இன்னொரு பக்கம் லென்ஸ் மாட்டற பெண் மவுண்ட். அந்தப் பெண் பக்க ரிங், அதோட ஸ்பிரிங் தகடு, பூட்டுற பின், எல்லாத்தையும் சேர்த்து எடுத்துக்குங்க. முழு உலோகத்துல உள்ளதா பார்த்து வாங்குங்க. ரிங் உட்கார்ற பிளேட்டை மட்டும் லேத் பட்டறையில 4 மி.மீ. அலுமினியத்துல கடைஞ்சு வாங்கிடுங்க. எங்க ஊர் கோயம்புத்தூர்ல தெருவுக்கு ஒரு லேத் இருக்கு, பம்ப் செட் வேலை பார்க்கிற பட்டறையில ஒரு பெரியவர்கிட்ட டிராயிங்கைக் கொடுத்தேன். அவர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, எந்த முகம் எதுக்கு சமமா இருக்கணும், அதை மட்டும் சொல்லு, மத்ததை நான் பார்த்துக்கறேன்." அவ்வளவுதான் விஷயமே. மவுண்ட் முகமும் ஃபிலிம் ரெயிலும் ஒண்ணுக்கொண்ணு இணையா இருக்கணும், சாய்வு இருந்தா படத்துல ஒரு ஓரம் ஷார்ப், எதிர் ஓரம் மங்கல்.

டிராயிங் கொடுக்கும்போது 18ன்னு கொடுக்காதீங்க, மொத்தம் 17 மி.மீ. வர்ற மாதிரி கொடுங்க. குறைஞ்சா ஷிம் (மெல்லிசு தகடு) வெச்சு ஏத்திக்கலாம், கூடிட்டா திரும்ப லேத்துக்குத்தான் போகணும். 0.05, 0.1 மி.மீ. பித்தளை ஷிம் தகடு டூல்ஸ் கடையில கெடைக்கும், அதுல வளையமா வெட்டி ரிங்குக்கும் பிளேட்டுக்கும் நடுவுல வைக்கணும். ஏன் ஒரு முழு மி.மீ. இடம் விடச் சொல்றேன்னா, அதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. டிஜிட்டல் கேமராவுல சென்சர் மேல ஃபில்டர் கண்ணாடி ஒட்டியிருக்கும், சோனி மாதிரி பாடியில சுமார் 2 மி.மீ. தடிமன். லென்ஸுக்குப் பின்னாடி ஒரு கண்ணாடித் தட்டு வெச்சா ஃபோகஸ் அந்தக் கண்ணாடியோட தடிமன்ல மூணுல ஒரு பங்கு பின்னாடி தள்ளும். ஃபிலிம்ல அந்தக் கண்ணாடி இல்ல. அதனால காகிதத்துல போட்டிருக்கிற 18ஐ கும்பிட்டுட்டு அப்படியே பூட்டிடாதீங்க, கடைசி முடிவு கண்ணால பார்த்துத்தான்.

எப்படிப் பார்க்கறதுன்னா, ரெண்டு வழி. ஒண்ணு தேய்ச்ச கண்ணாடி. கண்ணாடிக் கடையில 34 மி.மீ. அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி வாங்கி, ஆட்டோ ஸ்பேர் கடையில விக்கிற வால்வ் கிரைண்டிங் பேஸ்ட்டைப் போட்டு இன்னொரு கண்ணாடி மேல வட்ட வட்டமா பத்து நிமிஷம் தேய்ச்சா அழகா பால் மாதிரி ஆயிடும். தேய்ச்ச பக்கம் லென்ஸைப் பார்த்து, உள் ரெயில் மேல படற மாதிரி வெச்சு, ஷட்டரை பி-யில (பட்டனை அமுக்கிப் பிடிக்கிற வரைக்கும் திறந்திருக்கிற ஸ்பீட்ல) திறந்து பிடிச்சு லூப்ல பாருங்க. டிரேசிங் பேப்பரை ஒட்டிப் பார்க்கிறவங்க உண்டு, அது வளையும், ஃபோகஸுக்கு நம்பாதீங்க, ஃபிரேம் எங்க விழுதுன்னு பார்க்க மட்டும் சரி.

ரெண்டாவது வழிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, ரெண்டாவது கேமராவை இதுலதான் செட் பண்ணினேன். ஒரு வேஸ்ட் ஃபிலிம் துண்டுல, எமல்ஷன் பக்கம் (படம் பதியற மருந்து பூசின பக்கம்), ஊசியால குறுக்கும் நெடுக்கும் நாலஞ்சு கோடு கீறுங்க. அதை எமல்ஷன் லென்ஸைப் பார்க்கிற மாதிரி ஃபிலிம் கேட்ல வெச்சு, மேல ஒரு கண்ணாடித் துண்டை வெச்சு ரெயில்ல அழுத்தி, பின்னாடி டார்ச் அடிங்க. கையால செஞ்ச கேமராவுல லென்ஸை இன்ஃபினிட்டியில வெச்சு அப்பர்ச்சரை முழுசா திறந்துடுங்க. இப்ப உங்க டிஜிட்டல் கேமராவுல ஒரு டெலி லென்ஸ் (தூரத்துல உள்ளதைப் பெருசா காட்டற லென்ஸ்) மாட்டி, ரெண்டு மூணு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஏதாவது டவரை மேனுவல் ஃபோகஸ்ல கரெக்டா பிடிச்சு, அப்புறம் ரிங்கைத் தொடாம, அந்த டிஜிட்டல் கேமராவை உங்க கேமராவோட லென்ஸுக்குள்ளயே மூஞ்சோட மூஞ்சி பார்க்க வைங்க. உங்க கேமரா இன்ஃபினிட்டியில சரியா இருந்தா ஃபிலிம்ல இருந்து கிளம்பற வெளிச்சம் லென்ஸை விட்டு இணையா வெளிய வரும், டெலி லென்ஸ் அதை தூரத்து டவர் மாதிரியே ஷார்ப்பா பார்க்கும். சரியில்லன்னா கீறல் மங்கலா தெரியும். 50 மி.மீ. லென்ஸை 200 மி.மீ. டெலியால பார்த்தா கீறல் நாலு மடங்கு பெருசாத் தெரியும், லைவ் வியூவை இன்னும் ஜூம் பண்ணினா 0.05 மி.மீ. ஷிம் ஒண்ணு கூட்டினாலும் குறைச்சாலும் கண்ணுக்கு அப்பட்டமா தெரியும். நடுவுல மட்டும் பார்க்காம நாலு மூலையிலயும் கீறல் போட்டுப் பாருங்க, சாய்வு இருந்தா அங்கதான் காட்டிக்கொடுக்கும். நான் ஒரு முழு ஞாயித்துக்கிழமை இதுலயே உட்கார்ந்தேன், ஷிம் மாத்தி, ஸ்க்ரூ இறுக்கி, திரும்பப் பார்த்து. கடைசியா அந்த மெல்லிசு கீறல் ஸ்க்ரீன்ல கருப்பு நடுவுல வெள்ளைக் கம்பி மாதிரி வந்து நின்னப்ப எனக்கு முதல் ரோல் கழுவினதை விட சந்தோஷமா இருந்துச்சு.

சரி, லென்ஸுக்கு வருவோம். உங்ககிட்ட இருக்கிற மூணும் சோனியோட ஆட்டோஃபோகஸ் லென்ஸா இருந்தா ஒரு கெட்ட செய்தி. அநேகமா அதுல இருக்கிற ஃபோகஸ் ரிங் எதையும் நேரா திருப்பாது, அது மோட்டாருக்கு சொல்ற ஒரு சுவிட்ச் மாதிரி. பாடியில இருந்து கரண்ட் வரலைன்னா ரிங் சும்மா சுத்தும், சில லென்ஸ்ல உள்ள கண்ணாடித் தொகுதியே பிடிப்பில்லாம ஆடும், கையில எடுத்து ஆட்டினா கடகடன்னு சத்தம் வரும். அப்பர்ச்சரும் அப்படித்தான். லென்ஸும் பாடியும் பேசிக்கிற சோனியோட சிக்னல் மொழியை மைக்ரோகன்ட்ரோலர்ல பேச வைக்கிறது சாதாரண வேலை இல்ல, முதல் கேமராவுலயே அதுல இறங்கினா கேமரா முடியவே முடியாது. அதனால இந்த கேமராவுக்குன்னு ஒரு முழு மேனுவல் லென்ஸ் வாங்கிடுங்க. ஈ மவுண்ட்லயே வாய்க்ட்லேண்டர், லாவா, 7ஆர்டிசான்ஸ், டிடிஆர்டிசான் எல்லாம் அப்பர்ச்சர் ரிங்கும் நிஜமான ஹெலிகாய்டும் (கையால திருப்பினா ஃபோகஸை நகர்த்தற திருகு) வெச்சு விக்கறாங்க, பிறந்தது என்னவோ புது லென்ஸ், ஆனா கரண்டே தேவையில்ல. இன்னொரு லாபம், 18 மி.மீ. பாடி செஞ்சுட்டீங்கன்னா 28.5 மி.மீ. தடிமன் உள்ள வெறும் அடாப்டர் போட்டு நிக்கான் லென்ஸும் மாட்டலாம், அப்பர்ச்சர் ரிங் இல்லாத ஜி லென்ஸா இருந்தாலும் அடாப்டர்ல உள்ள ரிங் அந்த லென்ஸோட லீவரைத் தள்ளி அப்பர்ச்சரை மாத்தும்.

கரண்ட் கொடுத்து ஓட்டணும்னு ஆசை இருந்தா கேனன் ஈஎஃப்ல ஆரம்பிங்க. அதோட டேட்டா பேச்சை நிறைய பேர் அலசி எழுதி வெச்சிருக்காங்க, ஆர்டுயினோங்கிற சின்ன கன்ட்ரோலர் போர்டோட எஸ்பிஐ இணைப்பு வழியாவே அப்பர்ச்சரை மூடவும் ஃபோகஸை நகர்த்தவும் முடியும், மோட்டாருக்கு தனி பவர், லாஜிக்குக்கு தனி பவர்ங்கறதை மட்டும் மறந்துடாதீங்க. அதுவும் வேணாம், ஒரே அப்பர்ச்சர் போதும்னா ஒரு பழைய குறுக்கு வழி இருக்கு. கேனன் டிஎஸ்எல்ஆர்ல லென்ஸை மாட்டி எஃப் 8 வெச்சு, டெப்த் ஆஃப் ஃபீல்ட் பிரிவியூ பட்டனை அமுக்கிப் பிடிச்சபடியே லென்ஸைக் கழட்டுங்க, அப்பர்ச்சர் அப்படியே மூடின நிலையில நிக்கும்.

ஏபிஎஸ்-சி லென்ஸ் (சின்ன சென்சருக்குன்னு செஞ்ச லென்ஸ்) இருக்கான்னு பாருங்க. 36க்கு 24 மி.மீ. ஃபிரேமோட மூலைவிட்டம் 43.3 மி.மீ., ஏபிஎஸ்-சி லென்ஸ் சுமார் 28 மி.மீ.க்குத்தான் டிசைன் பண்ணினது, முழு ஃபிரேம்ல மூலை எல்லாம் கருப்பாயிடும். ஆனா கேட்டை மறைச்சு 18க்கு 24 ஆஃப் ஃபிரேமா மாத்தினா மூலைவிட்டம் 30 மி.மீ., ஏறக்குறைய மூடிடும், ரோலுக்கு 72 படம் வேற. வைண்டிங்கை பாதிச் சுத்துல நிறுத்த ஒரு வழி பண்ணணும், அது தனி வேலை.

புது லென்ஸ் போட்டா டிஜிட்டல்ல வர்ற மாதிரியே வரும்னு எதிர்பார்க்காதீங்க. இன்னைக்கு நிறைய லென்ஸோட வளைவையும் மூலை இருட்டையும் கேமராவோட சாஃப்ட்வேர்தான் நேராக்குது, ஃபிலிம்ல அந்த உதவி இல்ல, கட்டடத்தோட கோடு வளைஞ்சா வளைஞ்சதுதான். நான் மேல சொன்ன சென்சர் கண்ணாடியையும் கணக்குல வெச்சுத்தான் லென்ஸை டிசைன் பண்றாங்க, அது இல்லாததால வைட் லென்ஸை முழுசா திறந்து எடுத்தா ஓரங்கள்ல கொஞ்சம் இழுப்பு தெரியும். 50, 35 மாதிரி லென்ஸ்ல எஃப் 4க்கு மேல எனக்கு எந்தக் குறையும் தெரியல.

உங்க 3டி பிரிண்டரை ஒதுக்கச் சொல்லலை. பிரான்ஸ்ல லியோ மாரியுஸ் 2013லயே ஓபன்ரிஃப்ளெக்ஸ்னு ஷட்டர் உட்பட பிரிண்ட் பண்ற எஸ்எல்ஆரை வரைபடத்தோட எல்லாருக்கும் கொடுத்தார், பிரிண்டர்ல எவ்வளவு தூரம் போகலாம்னு அதுல தெரியும். நம்ம கேமராவுல மேல் மூடி, கைப்பிடி, வியூஃபைண்டர், வெளித்தோல், இதெல்லாம் பிரிண்ட் பண்ணுங்க. பிஎல்ஏ பிளாஸ்டிக் வேணாம், 60 டிகிரி பக்கத்துலயே இளகிடும், சித்திரை வெயில்ல பூட்டின கார்ல விட்டுட்டுப் போனா திரும்பி வரும்போது வேற உருவத்துல இருக்கும். பிஇடிஜி பிளாஸ்டிக்ல அடிங்க. கருப்பு ஃபிலமென்ட்னா வெளிச்சம் போகாதுன்னு நம்பாதீங்க, சுவர் மெல்லிசா இருந்தா போகும், 3 மி.மீ. சுவர் வைங்க, உள்பக்கம் அலுமினிய டேப் ஒட்டி மேல மேட் கருப்பு அடிங்க. ரெண்டு துண்டு சேர்ற இடத்துல நேரா ஒட்டாம படிக்கட்டு மாதிரி மடிப்பு வைங்க, வெளிச்சம் நேராத்தான் போகும், ரெண்டு தடவை திரும்பச் சொன்னா நின்னுடும். இருட்டு ரூம்ல பத்து நிமிஷம் கண்ணைப் பழக்கிட்டு, கேமராவுக்குள்ள சின்ன எல்ஈடியை எரிய விட்டு சுத்திச் சுத்திப் பாருங்க, ஒளி கசியற இடம் நட்சத்திரம் மாதிரி தெரியும்.

பழைய ஷட்டர்ல எழுதியிருக்கிற ஸ்பீடை அப்படியே நம்பக்கூடாது. பின்னாடி மூடியைத் திறந்து, லென்ஸ் பக்கம் லைட் வெச்சு, ஃபோன்ல விநாடிக்கு 240 ஃபிரேம்ல வீடியோ எடுங்க. 1/60னா 4 ஃபிரேம்ல வெளிச்சம் தெரியணும், 1/30னா 8. அதுக்கு மேல வேகமான ஸ்பீடுக்கு ஃபோட்டோடிரான்சிஸ்டர் ஒண்ணை லேப்டாப் மைக் ஜாக்குல கொடுத்து ஆடாசிட்டிங்கிற ஆடியோ சாஃப்ட்வேர்ல அலையோட நீளத்தை அளக்கலாம். 1/500ன்னு எழுதியிருக்கிறது 1/300ல ஓடினா ரிப்பேர் பண்ண வேணாம், டயல் பக்கத்துல ஒரு சீட்டு ஒட்டிட்டு அதுக்கேத்த மாதிரி எடுங்க, நெகட்டிவ் ஃபிலிம் ஒரு ஸ்டாப் (ரெண்டு மடங்கு வெளிச்சம்) கூடினா ஒண்ணும் சொல்லாது.

ஃபோகஸ் பார்க்கறதுக்கு இந்த கேமராவுல வழி இல்ல, தூரத்தை மதிப்புப் போட்டு லென்ஸ்ல உள்ள ஸ்கேலைத்தான் திருப்பணும். 35 மி.மீ. லென்ஸை எஃப் 8ல 5 மீட்டர்ல வெச்சா ஏறக்குறைய ரெண்டரை மீட்டர்ல இருந்து தூரம் வரைக்கும் பிடிச்சுடும், தெருவுல எடுக்க அதுவே போதும். கிட்ட எடுக்கணும்னா ஒரு டேப்பைப் பையில வெச்சுக்குங்க. வியூஃபைண்டருக்கு 36க்கு 24 விகிதத்துல கம்பியில ஒரு சட்டம் வளைச்சு, கண்ணுல இருந்து சட்டத்துக்கு எவ்வளவு தூரம்னு லென்ஸுக்கு ஏத்த மாதிரி வெச்சா போதும். சட்டம் 36 மி.மீ. அகலம்னா 35 மி.மீ. லென்ஸுக்கு கண்ணுல இருந்து 35 மி.மீ., ரெட்டிப்பு அளவுல செஞ்சா 70 மி.மீ.

முதல் ரோலை மலிவான கருப்பு வெள்ளையில போடுங்க, ஊட்டி ஃபேக்டரியில 'இந்து'ங்கிற நம்ம நாட்டு கேமரா ஃபிலிம் தயாரான காலம் போயிடுச்சு, இன்னைக்கு எல்லாமே வெளிநாட்டு ஃபிலிம்தான், கலரை இதுல வீணாக்க வேணாம். முதல் மூணு ஃபிரேமை லென்ஸ் மூடியோட கிளிக் பண்ணி, வெயில்ல அஞ்சு நிமிஷம் வெச்சு நகர்த்துங்க, கசிவு இருந்தா அதுல மட்டும் தெரியும். அப்புறம் ட்ரைபாட்ல வெச்சு, ரொம்ப தூரத்துல இருக்கிற ஏதாவது ஒண்ணை முழு அப்பர்ச்சர்ல, எஃப் 4ல, எஃப் 8ல ஒவ்வொண்ணு. அடுத்து ஒரு செங்கல் சுவரை நேரா நின்னு முழு அப்பர்ச்சர்ல ஒண்ணு, நாலு மூலையையும் லூப்ல ஒப்பிட்டுப் பார்க்க. அடுத்து தரையில டேப்பை நீளமா விரிச்சு 2 மீட்டர்ல ஃபோகஸ் வெச்சு சாய்வா ஒண்ணு, ஸ்கேல் சொல்ற தூரமும் நிஜ தூரமும் ஒத்துப் போகுதான்னு. எந்த ஃபிரேம்ல எதை எடுத்தீங்கன்னு நோட்டுல எழுதி வைங்க, கழுவி வந்தப்புறம் ஞாபகம் இருக்காது. மிச்சம் 28 ஃபிரேம் இருக்கும், வீட்டுல இருக்கிறவங்களை எடுங்க.